அவள் ரிப்போர்ட்டில் உன் ரத்தம் இல்லை

நான் தாத்தா ஆகப் போகிறேன், ஆமாம் மக்களே, நேற்று வரைக்கும் இந்த வலைப்பூவில் மேட்ச் முடிந்த கையோடு பக்கம் பக்கமாகக் குதித்துக்கொண்டிருந்தேனே, அதே ஆள்தான், என் மகனுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, தாத்தா, தாத்தா, தாத்தா!

மகனே, இந்த வரியை நீ போன் செய்த அன்றே எழுதியிருக்க வேண்டியவன் நான். நீ சொன்னதைக் கேட்டதும் நான் போட்ட சத்தத்தில், நம் பிரவுசிங் சென்டரில் இருந்த காலேஜ் பிள்ளைகள் எவனோ சிக்ஸர் அடித்துவிட்டான் என்று நினைத்து ஸ்கோர் பக்கத்தைத் திறந்தார்கள். "மேட்ச் இல்லடா, நான் தாத்தா!" என்றதும் எல்லாரும் கை கொடுத்தார்கள். ஒருவன் மட்டும் "சார், ஒங்களுக்கு அவ்ளோ வயசா?" என்று கேட்டான். அவனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு லட்டு கொடுத்தேன். வீட்டுக்கு வந்தால் உன் அம்மா, "மூணு மாசம் முடியட்டும், அதுக்குள்ள கம்ப்யூட்டர்ல ஏத்தி ஊரக் கூட்டாத" என்று என் வாயைக் கட்டிவிட்டாள். சரி என்று பொறுத்திருந்தேன். மூன்று மாதம் முடிந்தது. எழுத உட்காரும் முன்னால், மருமகள் எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்போமே என்று பெங்களூருக்குப் போன் போட்டேன். அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்குக் கீபோர்டில் கை ஓடவில்லை.

"டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சா?" என்று கேட்டேன்.

"எடுத்தாச்சுப்பா. சுகர், பிபி, எச்.ஐ.வி., எல்லாம் பாத்துட்டாங்க. எல்லாம் நார்மல்."

"நீ?"

"நான் இன்னா?"

"நீ ரத்தம் குடுத்தியாடா?"

நீ சிரித்தாய். "அப்பா, மாசமா இருக்கிறது அவ. அவளுக்கே இல்லன்னா எனக்கு எப்படி இருக்கும்? நீ வேற!"

நான் விடவில்லை. ஒரு தடவை நீயும் போய்ப் பார்த்துக்கொள் என்றேன். உன் குரல் மாறிவிட்டது. "என்னய சந்தேகப்படுறியா? ஒம் புள்ளய நீயே இப்படி நெனப்பியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய். நான் உன்னைச் சந்தேகப்பட்டு அதைக் கேட்கவில்லை மகனே. "அவளுக்கு இல்லையென்றால் எனக்கும் இல்லை" என்ற அந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்னால் ஒருமுறை கேட்டிருக்கிறேன். கடலூரில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில், டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, இதே மாதிரிச் சிரித்துக்கொண்டு சொன்னவர் உன் மாமா, உன் அத்தையின் வீட்டுக்காரர்.

மாமா டி.பி.யில் போனார் என்றும், அவர்கள் பாப்பா நிமோனியாவில் போனது என்றும் உன்னிடம் சொல்லி வைத்திருந்தோம். இரண்டும் பொய் இல்லை. ஆனால் பாதிதான். மீதிப் பாதி எச்.ஐ.வி. அப்போது நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாய். படிக்கிற பிள்ளையின் காதில் இதைப் போட வேண்டாம் என்று வீட்டில் முடிவு செய்தோம். பிறகு நீ காலேஜ் போனாய், வேலைக்குப் போனாய், கல்யாணம் ஆயிற்று, சொல்வதற்கு ஒரு நாளும் தோதாக வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அத்தை திருப்பாதிரிப்புலியூரிலிருந்து வந்திருந்தாள். ஜவுளிக்கடையில் அவளுக்கு அன்றைக்குத்தான் லீவு. நீ போனில் சொன்னதைச் சொன்னேன். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம், "அவனுக்கு எல்லாத்தயும் எழுதுண்ணா. இன்னும் எத்தினி நாளைக்கு மூடி வெப்ப?" என்றாள்.

"எழுதுனா நெட்டுலதாம்மா எழுதுவேன். அங்க வர்ற பசங்க எல்லாம் இவன் வயசுதான், புதுசா கல்யாணம் ஆனவனுங்க. ஊரே படிக்கும், பரவால்லயா?"

"படிக்கட்டும். எம் பேரு வேணாம், அவரு பேரும் வேணாம். பாப்பா பேரு மட்டும் கண்டிப்பா போடாத. அது எனக்கு இருக்கட்டும்."

அதனால் இந்தக் கடிதத்தில் அத்தை, மாமா, பாப்பா என்றுதான் இருக்கும். நீ யார் என்பதும் படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

மாமாவை உனக்கு நன்றாக நினைவிருக்கும். நெல்லிக்குப்பத்தில் சொந்த டிராக்டர் வைத்துக் கரும்பு லோடு அடித்தவர். சீசனில் வந்தால் ஆள் வருவதற்கு முன்னால் கரும்புச் சாற்று வாசனை வந்துவிடும். உன்னை "எஞ்சினியரு" என்றுதான் கூப்பிடுவார். டிராக்டரில் ஏற்றி ஸ்டீரிங்கைப் பிடிக்கவைத்து, "இந்த எஞ்சினுக்கு நீ ரிப்பேர் பாத்துட்டீனா ஒனக்கு எவன் பொண்ணு குடுக்க மாட்டான்?" என்பார். அத்தை உள்ளேயிருந்து, "மொதல்ல நீங்க பல்லு வெளக்கிட்டு வாங்க, அப்புறம் அவனுக்குப் பொண்ணு பாக்கலாம்" என்பாள். கெட்ட மனிதர் என்று ஒருவரைக் காட்டி உனக்குப் பாடம் சொல்வதாக நினைத்துவிடாதே. எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பத்தில் மனைவிமேல் கை நீட்டாத, குரல் உயர்த்தாத ஒரே மாப்பிள்ளை அவர்தான்.

கல்யாணமாகிச் சில மாதத்தில் அவருக்கு இடுப்பில் ஒரு பக்கமாக அக்கி வந்தது. கொப்புளம் கொப்புளமாக, சட்டை பட்டாலே துடிக்கிற வலி. நம் பக்கத்தில் அக்கிக்கு யார் டாக்டரிடம் போகிறார்கள்? அக்கி எழுதுகிறவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் காவியைக் குழைத்து இடுப்பைச் சுற்றி எழுதி அனுப்பினார். நான் பார்க்கப் போனபோது மாமா சட்டையைத் தூக்கிக் காட்டினார். "பாரு மச்சான், சிங்கம் வரஞ்சிருக்காரு. ஒந் தங்கச்சி இனிமே எங்கிட்ட வம்பு வெச்சிக்க மாட்டா." ஆறிவிட்டது. மறந்துவிட்டோம். அக்கி யாருக்கும் வரலாம், வந்தாலே இந்த வியாதி என்று அர்த்தம் இல்லை. ஆனால் நல்ல வயதில், வாட்டசாட்டமான ஆளுக்கு அது வரும்போது ரத்தத்தையும் ஒருமுறை பார்த்திருக்கலாம் என்று பிற்பாடு ஒரு டாக்டர் சொன்னார். எங்களுக்கு அது காவியோடு முடிந்த சமாச்சாரம்.

2006இல் அத்தை உண்டானாள். மூன்றாம் மாதம் கடலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டப் போனார்கள். சேதி கேட்டு நானும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி, பழம் பலகாரத்தோடு நேரே அங்கேயே போய்விட்டேன். அத்தையும் அவள் மாமியாரும் உள்ளே. நானும் மாமாவும் எதிரே டீக்கடையில். நம் வழக்கம் உனக்குத் தெரியாதா? மாசமாக இருக்கிறவளோடு மாமியார் போவாள், நாத்தனார் போவாள், பக்கத்து வீட்டுக்காரிகூடப் போவாள். வீட்டுக்காரன் வண்டியை நிறுத்திவிட்டு வெளியே நிற்பான். உள்ளே தலை நீட்டினால் "இங்க ஒனக்கு இன்னா வேல?" என்று பெண்களே விரட்டுவார்கள். அன்றைக்கும் ஆண்கள் எல்லாரும் வரிசையாக வாசலில்தான் நின்றிருந்தோம். ஒருவனுக்கும் அது தப்பாகப் படவில்லை.

மாமியார் முகமெல்லாம் சிரிப்பாக வெளியே வந்தார். "எம் மருமவ தங்கம். எல்லா வியாதிக்கும் பாத்துட்டாங்க, அந்தக் கெட்ட வியாதிக்குங்கூட. ஒண்ணுமில்ல."

பின்னால் வந்த அத்தை மாமாவின் பக்கத்தில் நின்று மெதுவாகச் சொன்னாள். "உள்ள ஒரு மேடம் பேசினாங்க. ஒங்களயும் வரச் சொன்னாங்க. ஜோடியாத்தான் பாக்கணுமாம். எனக்கு மட்டும் பாத்தா பத்தாதாம்."

"ஆம்பளய எதுக்குடி கூப்புடுறாளுவ?" என்றார் மாமியார். "அவனா புள்ள பெக்கப் போறான்?"

பெஞ்சில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "ஏ புள்ள, ஒனக்கு இல்லன்னா எனக்கும் இல்லன்னுதான அர்த்தம்? ஒரே வூட்ல ஒரே தட்டுல துன்றோம். ஒன் ரத்தத்த எடுத்தா என் ரத்தத்த எடுத்த மாதிரிதான். இன்னா மச்சான், நான் சொல்றது சரிதான?"

"கணக்கு சரியாத்தான் இருக்கு மாப்ள" என்று நானும் சொன்னேன். அவர் எல்லாருக்கும் போண்டா சொன்னார். தெரியாத ஆளுக்கெல்லாம் வாங்கிக்கொடுத்தார். அத்தை மட்டும் இன்னொரு தரம், "அஞ்சு நிமிஷந்தான் ஆவுமாம்" என்றாள். "லோடு நிக்குது புள்ள" என்று அவர் எழுந்துவிட்டார்.

அந்தக் கணக்கு எங்கே தப்பு என்று இப்போது எனக்குத் தெரியும். நீ படித்தவன், உனக்கும் அது தெரியவில்லை என்பதால் சொல்கிறேன். புருஷனுக்கு அது இருந்தால் மனைவிக்கு முதல் நாளே வந்துவிட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மாதக்கணக்கில் வராமல் இருக்கும், வருடக்கணக்கில்கூட வராமல் இருக்கும், ஏதோ ஒரு நாள் வந்துவிடும். மூன்றாம் மாதத்தில் அவள் கொடுத்த ரத்தம், அதுவரைக்கும் அவளுக்கு வந்திருந்ததா என்பதை மட்டும்தான் சொல்லும். நேற்றைக்கு முன்தினம் வந்திருந்தால் அதற்குள் காட்டாது. நாளைக்கு வரப்போவதை அது எப்படிச் சொல்லும்? புருஷனைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசாது. அதிலும் கர்ப்பமாக இருக்கும்போதோ பால் கொடுக்கும்போதோ தாய்க்குப் புதிதாகத் தொற்றினால், பிள்ளைக்குப் போக வாய்ப்பு ஜாஸ்தி. மாமாவுக்கு இருந்தது. அத்தைக்கு அன்றைக்கு இல்லை. அவள் "இல்லை" என்று வெளியே வந்தாளே, அந்த நிமிடம்தான் அவளையும் வயிற்றில் இருந்ததையும் காப்பாற்றியிருக்கக்கூடிய நிமிடம். அதற்குத்தான் நாங்கள் போண்டா தின்றோம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு அத்தையை நம் வீட்டுக்கு அழைத்துவந்தோம். உன் புத்தகத்தையெல்லாம் ஹாலுக்கு மாற்றிக்கொண்டு அறையை அவளுக்கு விட்டாயே, அப்போதுதான். கண்ணாடி வளையல் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று புகார் சொன்னாய். ஊர் மாறியதால் ஆஸ்பத்திரியும் மாறியது. சிதம்பரத்திலும் கேட்டார்கள், வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டாரா என்று. கடலூரிலேயே எல்லாம் ஆகிவிட்டது என்று நாங்கள் சொல்லிவிட்டோம். மாமா ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வருவார், பூவும் அல்வாவுமாக. பொண்டாட்டியைத் தாய்வீட்டில் விட்டுவிட்டுப் பார்க்க வருகிற மாப்பிள்ளை நம் வீட்டில் விருந்தாளி. கோழி அடித்துப் போட்டு, விசிறிக்குக் கீழே பாய் விரித்துப் படுக்கவைத்து அனுப்புவோம். அந்த மனிதரைப் பார்த்து "மாப்ள, நாளைக்கி இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க" என்று சொல்வதா? பெண் எடுத்தவரை அவமானப்படுத்துகிற மாதிரி. அவர் வீட்டுக்காரர்கள் அது பிறந்தவீட்டின் பொறுப்பு என்று இருந்தார்கள், நாங்கள் அது புகுந்தவீட்டில் முடிந்த காரியம் என்று இருந்தோம்.

பாப்பா பிறந்தது. நீதான் முதலில் தூக்கினாய், தலை ஆடுகிறது என்று பயந்து உடனே கொடுத்துவிட்டாய். கொழுகொழுவென்று இருந்தது. பால் குடித்துவிட்டு வாயைத் திறந்தபடியே தூங்கும். மூன்றாம் மாதம் நெல்லிக்குப்பம் போனார்கள். அங்கே போன பிறகுதான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. பேதி நிற்கவில்லை. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. வாயெல்லாம் வெள்ளையாகப் படிந்து பால் குடிக்க முடியாமல் அழுதது. நாட்டு மருந்து கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், பேர் பொருந்தவில்லை என்று பேரை மாற்றச் சொன்னார்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அவர் கேட்கும் முன்னால் நாங்களே, "மாசமா இருக்கச்சயே எல்லா டெஸ்டும் பாத்தாச்சுங்க, ஒண்ணுமில்ல" என்று பெருமையாகச் சொல்லிவிடுவோம்.

கடைசியில் சிதம்பரத்துக்குத் தூக்கிவந்து சேர்த்தோம். அங்கே டாக்டரம்மா பாப்பாவைப் பார்த்துவிட்டு அத்தையின் ரத்தத்தைக் கேட்டார். "எனக்குப் பாத்துட்டாங்க மேடம், இல்ல" என்றாள் அத்தை. டாக்டரம்மா கோபப்படவில்லை. "அப்ப பாத்தது அப்ப. இப்ப ஒரு தடவ பாத்துடுவோம்மா" என்றார். ரிசல்ட் சொல்ல உள்ளே கூப்பிட்டு வெகுநேரம் வைத்துப் பேசினார்கள். நான் வராந்தாவில் நின்றிருந்தேன். அத்தை பாப்பாவோடு வெளியே வந்து என் முன்னால் நின்றாள்.

"இருக்குதாம்ண்ணா."

"யாருக்கும்மா?"

"எனக்கு. பாப்பாவுக்கும் இருக்கும் போலருக்குன்றாங்க. அவர வரச் சொல்லு."

போன் போட்டதும் மாமா லோடை அப்படியே விட்டுவிட்டு, அழுக்கு லுங்கியோடு பஸ் பிடித்து வந்துவிட்டார். ரத்தம் கொடுத்தார். சொல்லிவிட்டார்கள். வராந்தா முனையில் சுவரோடு சாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தவர், பக்கத்தில் போன என்னைப் பார்க்காமலே பேசினார். "அவளுக்கு இல்லன்னாங்களே மச்சான். அன்னிக்கி இல்லன்னாங்களே." கொஞ்சம் கழித்து, "எனக்கு பயம் இருந்துச்சு மச்சான். கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. யாருகிட்டப் போய் கேப்பேன்? அன்னிக்கி அவ இல்லன்னு வெளிய வந்தப்ப போன உசுரு திரும்பி வந்துச்சு. சரி, எனக்கும் இல்ல, சாமி காப்பாத்திட்டாருன்னு விட்டுட்டேன்" என்றார். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. இன்று வரை எனக்குத் தெரியாது. தெரிந்து என்ன ஆகப் போகிறது? அன்றைக்கு போண்டா வாங்கிக்கொடுத்த சந்தோஷம் எப்பேர்ப்பட்ட சந்தோஷம் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அத்தை வந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்து நான் குறுக்கே நின்றேன். அவள் என்னைத் தாண்டிப் போய், "பாப்பாவப் புடிங்க. கை மரத்துப் போச்சு" என்றாள். அவர் கையை நீட்டவில்லை. லுங்கியில் துடைத்தார், மறுபடியும் துடைத்தார், பின்னால் இழுத்துக்கொண்டார். "தொடலாம்" என்றாள் அத்தை. "தொட்டா வராது, முத்தம் குடுத்தா வராது, கட்டிப் புடிச்சா வராது. உள்ள சொன்னாங்க. புடிங்க." அவர் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அத்தை அழுதாள்.

முதல் பிறந்தநாளுக்கு உன் அம்மா எடுத்துவைத்த கவுனைப் பாப்பா போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு முன்பே போய்விட்டது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சுக்குத் தவித்து, அத்தையின் மடியில். நிமோனியா என்று ஊருக்குச் சொன்னோம். நெல்லிக்குப்பத்தில் விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. அத்தைக்குத் தட்டு தனி, டம்ளர் தனி, பாய் தனி. மாமாவுக்கு அப்படி இல்லை. ஏன் தெரியுமா? முதலில் ரத்தம் கொடுத்தவள் அத்தை. முதலில் "இருக்கு" என்று தெரிந்ததும் அத்தைக்கு. அதனால் அவள்தான் கொண்டுவந்தாள் என்று ஆகிவிட்டது. தங்கம் என்று சொன்ன அதே மாமியார், "எம் புள்ளயயும் பேத்தியயும் முழுங்க வந்தவ" என்று தெருவில் நின்று சொன்னார். மாமா அம்மாவின் வாயை மூடப் பார்த்தார். "எங்கிட்டருந்துதாம்மா அவளுக்கு வந்துச்சு" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார். பொண்டாட்டியைக் காப்பாற்றப் பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான் என்றார்கள். நம்பவில்லை.

பாப்பா போன பிறகு மாமாவுக்குப் பிழைக்கிற எண்ணம் போய்விட்டது. மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வாரம் சாப்பிடுவார், ஒரு வாரம் சாப்பிட மாட்டார். டி.பி. பிடித்துக்கொண்டது. மறுவருட மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்துவிட்டு வந்த கையோடு அத்தையை நம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நீ அப்போது காலேஜ் ஹாஸ்டலில். லீவில் வந்தபோது, "அத்த ஏன் இங்கயே இருக்குது?" என்று கேட்டாய். உன் அம்மா பேச்சை மாற்றினாள்.

அத்தை இன்றைக்கு நன்றாக இருக்கிறாள். எச்.ஐ.வி.க்குக் கொடுக்கும் கூட்டு மருந்தைத் தினமும் போடுகிறாள். திருப்பாதிரிப்புலியூரில் தனியாக அறை எடுத்து வேலைக்குப் போகிறாள், சிரிக்கிறாள், சீரியல் பார்த்து வில்லியைத் திட்டுகிறாள். மருந்து வாங்குகிற இடத்தில் கீரப்பாளையத்துப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பார்த்தாளாம். அந்தப் பெண்ணுக்கும் இருக்கிறது, புருஷனுக்கும் இருக்கிறது. மாசமாக இருந்தபோதே இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ப் பார்த்துக்கொண்டதால் முன்கூட்டியே தெரிந்துவிட்டது. மருந்து கொடுத்து, சொன்னபடி பிரசவம் பார்த்து, பிள்ளைக்கு வராமல் தடுத்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை அத்தையின் புடவையைப் பிடித்து இழுத்து விளையாடியதாம். அன்றைக்கு நம் வீட்டுக்கு வந்த அத்தை சாப்பிடவில்லை. "நம்ம பாப்பா இருந்தா அதவிடப் பெருசா இருக்கும்ண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

மகனே, உன் பழைய கதை எதையும் நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமையும் எனக்கு இல்லை. மாமாவுக்குப் பரிசோதனையைவிட அந்தக் கேள்விதான் பெரிய பயமாக இருந்தது. எப்படி வந்தது, எங்கே போனாய் என்று யாராவது கேட்பார்களே என்றுதான் மனிதர் வாசலிலேயே நின்றுவிட்டார். உன்னிடம் அதை யாரும் கேட்க மாட்டோம். பாப்பாவுக்கு இருப்பது தெரியவந்த அந்த வாரமே உன் அம்மா என்னைப் பிடித்து இழுத்தாள். "வா, நாமளும் பாத்துட்டு வந்துடலாம்." இந்த வயதில் எதற்கு என்றேன். "மாப்ளயும் இப்படித்தான் எதுக்குன்னாரு" என்றாள். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நம் தெருக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "இன்னா சார், நீங்க போயி இங்க?" என்றார். நான் பேப்பருக்குள் புதைந்தேன். உன் அம்மா கூசாமல், "ஆமா, நாங்கதான். நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டாள். அவரும் அதற்குத்தான் வந்திருந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் இல்லை. இருந்திருந்தாலும் கையைக் கோத்துக்கொண்டுதான் வெளியே வந்திருப்போம், உன் அம்மா அப்படி.

அடுத்த செக்கப்புக்கு மருமகளோடு உன் மாமியார் போவார், நீ வெளியே பைக்கில் சாய்ந்துகொண்டு போனில் ஸ்கோர் பார்ப்பாய். எனக்குத் தெரியும், நானும் அதைத்தான் செய்திருப்பேன். இந்தத் தடவை போனைப் பையில் போடு. உள்ளே போ. பெண்கள் முறைத்தால் முறைக்கட்டும். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் எடுங்க" என்று கையை நீட்டு. அவளுக்கும் இன்னொரு தரம் எப்போது பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள். இல்லை என்று வந்தால் அந்த நிம்மதி உன்னுடைய சொந்த நிம்மதி, அவளிடம் கடன் வாங்கியது இல்லை. இருக்கிறது என்று வந்தால் முதல் போன் எனக்குப் போடு. கத்த மாட்டேன், அழ மாட்டேன், பஸ் ஏறி வந்து உன் பக்கத்தில் உட்காருவேன். மருந்து இருக்கிறது, நீ நன்றாக வாழலாம், அவளையும் வயிற்றில் இருப்பதையும் காப்பாற்றலாம். நேரம் இருக்கும்போது தெரிந்தால் போதும்.

மக்களே, இவ்வளவு தூரம் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் யாருடைய மனைவி மாசமாக இருக்கிறாளோ, யாருடைய தம்பிக்கு, மச்சானுக்கு, கூட வேலை செய்கிறவனுக்குக் குழந்தை பிறக்கப் போகிறதோ, அவனுக்கு இதை அனுப்புங்கள். நேரில் கொடுக்கக் கூச்சமாக இருந்தால் மேட்ச் லிங்க் என்று பொய் சொல்லி அனுப்புங்கள், திட்டு வந்தால் எனக்கு வரட்டும். போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் கீழே கமெண்டில் வந்து "போனேன்" என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், ரிசல்ட் என்ன என்று எழுதவே வேண்டாம், அது உங்கள் இரண்டு பேருக்கு உள்ளது. "போனேன்", அவ்வளவுதான். இந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்கிற அத்தை இப்போது என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். கமெண்ட் எங்கே வரும், எப்படித் தெரியும் என்று கேட்டுக் காட்டச் சொன்னாள், காட்டினேன். கடை விட்டு வந்து தினமும் தன் போனில் பார்ப்பாளாம். மகனே, அவள் முதலில் தேடப் போவது உன்னைத்தான். பேர் போடாவிட்டாலும் அவள் கண்டுபிடித்துவிடுவாள். எழுது.